கடை வாசல் யாருக்கு? வண்டி நிறுத்தும் பழக்கமும் நமது வியாபாரமும்

வணிகப் பெருமக்களிடம் ஒரு சிறு கேள்வி. காலையில் கடை திறந்து, சாம்பிராணி காட்டி, முதல் போணிக்குக் காத்திருக்கிறோமே, அந்த நேரத்தில் நம் கடை வாசலில் வரிசையாக நிற்கிற வண்டிகள் யாருடையவை? வாடிக்கையாளர் இன்னும் வரவில்லை. அப்படியானால் ஒன்று முதலாளியுடையது, இன்னொன்று கணக்கருடையது, மற்றவை விற்பனைப் பையன்களுடையவை. ஓரமாக நிற்பது பக்கத்துக் கடைக்காரருடையதாக இருக்கும். காலை ஒன்பது மணிக்கு நிறுத்திய அந்த வண்டிகள் இரவு கடை அடைக்கும்போதுதான் நகர்கின்றன. இடையில் வருகிற வாடிக்கையாளர் இடம் தேடி அலைகிறார். “இந்த ஊரில் வண்டி நிறுத்தவே இடமில்லை” என்று அவர் சொன்னால், நாமும் “ஆமாம் சார், நகராட்சி ஒன்றும் செய்வதில்லை” என்று சேர்ந்து சொல்கிறோம்.

நகராட்சி செய்ய வேண்டியது நிறைய உண்டு. ஆனால் நம் கையில் இருப்பதை நாம் செய்துவிட்டோமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

சக்கரத்தில் வருகிற ஊர்

ஆரணி என்ற பெயரைத் தாங்கிய ரயில் நிலையம் நம் ஊருக்குள் இல்லை. ‘ஆரணி ரோடு’ நிலையம் இருப்பது களம்பூரில். ஆகவே வேலூர், ஆற்காடு, செய்யாறு, வந்தவாசி, போளூர் என்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும், கடைசிக் கட்டத்தில் நம் வாடிக்கையாளர் சாலை வழியாகத்தான் ஊருக்குள் நுழைகிறார். பேருந்தில் வருகிறவர் இறங்கி நடந்து வந்துவிடுவார். முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிற குடும்பம் வேன் வைத்துக்கொண்டோ, இரண்டு காரிலோதான் வரும். பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார், அத்தை, சித்தி, மூத்த பாட்டி என்று எட்டுப் பத்துப் பேர் இல்லாமல் எந்த வீட்டிலும் கூறைப்புடவை எடுப்பதில்லை.

நம் ஊருக்கு இன்னொரு தனிச் சிறப்பும் உண்டு. பட்டும் அரிசியும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வியாபாரமாகின்றன. நெசவாளர் தறியிலிருந்து அறுத்த சேலையைக் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, பாவும் ஊடையும் ஜரிகையும் கூலியும் வாங்கிக்கொண்டு போக இருசக்கர வண்டியில் வருகிறார். மூட்டை ஏற்றிய லாரி மண்டிக்கு வருகிறது. பார்சல் ஆபீஸ் வண்டி சரக்கு இறக்குகிறது. மாட்டு வண்டிக் காலத்தில் அமைந்த தெருக்களில் இத்தனையும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டியிருக்கிறது. தெருவை நாம் அகலப்படுத்த முடியாது. இருக்கிற அகலத்தை யார், எப்போது, எவ்வளவு நேரம் பயன்படுத்துவது என்பதை மட்டுமே முறைப்படுத்த முடியும்.

ஒரு சின்னக் கணக்கு

வியாபாரிக்குக் கணக்குதான் புரியும் என்பார்கள். போட்டுப் பார்ப்போம்.

பதினைந்து அடி முகப்புள்ள ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். தெருவோரமாக நீளவாக்கில் ஒரு கார் நின்றாலே முகப்பு முழுவதும் மறைந்துவிடும். இருசக்கர வண்டிகளை நேராக, பக்கம் பக்கமாக நிறுத்தினால் ஒரு வண்டிக்கு இரண்டரை அடி வீதம் ஆறு வண்டிகள் நிற்கும். முதலாளியும் நான்கு ஊழியர்களும் ஆளுக்கு ஒரு வண்டியை வாசலில் நிறுத்தினால் ஐந்து இடம் போய்விட்டது. மிச்சம் இருப்பது ஒன்று. அதுவும் எதிர்க்கடைக்காரர் விட்டுவைத்தால்தான்.

காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை 12 மணி நேரம். சில்லறை வாங்க வருகிறவர் அரை மணி நேரம் நிற்பதாக வைத்துக்கொண்டால், ஒரு வண்டி இடத்தில் ஒரு நாளில் 24 பேர் வந்து போகலாம். பட்டு எடுக்க வருகிற குடும்பம் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டாலும், ஒரு கார் இடத்தில் 6 குடும்பங்கள். பாதி நேரம் காலியாக இருந்தது என்று தள்ளினாலும் 12 பேர், 3 குடும்பங்கள். அந்த இடத்தில் நாள் முழுவதும் நம் வண்டி நின்றால் வரவு பூஜ்யம். கடைக்குள் ஒரு சதுர அடிக்கு எவ்வளவு வாடகை என்று பைசா கணக்குப் பார்க்கிற நாம், வாசலில் இருக்கிற இந்த இடத்தை மட்டும் கணக்கில் எழுதுவதே இல்லை.

தொண்ணூறு ஆண்டுக்கு முந்தைய புகார்

இது நம் ஊருக்கு மட்டும் வந்த தொல்லையல்ல. அமெரிக்காவில் ஓக்லஹோமா நகரத்து வியாபாரிகள் 1930-களிலேயே இதே புகாரைச் சொன்னார்கள். கடைவீதியில் வேலை செய்கிறவர்கள் காலையில் வந்து காரை நிறுத்திவிட்டு மாலையில்தான் எடுத்தார்கள். சாமான் வாங்க வந்தவர்களுக்கு இடமில்லை. அந்நகர வர்த்தக சபையின் போக்குவரத்துக் குழுவில் இருந்த கார்ல் மேகீ என்ற பத்திரிகை ஆசிரியர் இதற்கு வழி தேடினார். ஹோல்கர் தூசன், ஜெரால்டு ஹேல் என்ற இரு பொறியியல் ஆசிரியர்கள் கருவியை வடிவமைத்துக் கொடுத்தார்கள். 1935-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி உலகின் முதல் வண்டி நிறுத்த மீட்டர் அந்த ஊர்த் தெருவில் நடப்பட்டது. கட்டணம் ஒரு மணி நேரத்துக்கு ஐந்து சென்ட்.

அதன் நோக்கத்தைக் கவனிக்க வேண்டும். நாள் முழுவதும் நிற்கிற வண்டியைக் கிளப்பி, வாங்க வருகிறவருக்கு இடம் கொடுப்பதற்காக வந்த கருவி அது. வியாபாரிகளின் தேவையிலிருந்து பிறந்தது.

அதே நாட்டில் பாசடீனா என்ற ஊரின் பழைய கடைவீதியில் 1993-இல் மீட்டர் வைக்கப் போனபோது, “காசு கேட்டால் வருகிற வாடிக்கையாளரும் ஓடிவிடுவார்” என்று கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். வசூலாகும் பணம் அந்தக் கடைவீதிக்கே செலவிடப்படும் என்று நகராட்சி உறுதி சொன்ன பிறகு ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பணத்தில் நடைபாதையும் விளக்கும் மரமும் வந்தன. மங்கிக் கிடந்த வீதி எழுந்தது. அங்கேயும் அதற்கு முன்பு தெருவோர இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவை பெரும்பாலும் கடை ஊழியர்களின் வண்டிகளே.

இந்த அனுபவத்தை விரிவாக எழுதிய டொனால்டு ஷூப் என்ற பேராசிரியர் தம் ஆயுளையே வண்டி நிறுத்தும் பிரச்சினைக்குச் செலவிட்டவர், 2025-இல் காலமானார். அவர் சொன்ன எளிய விதி ஒன்று உண்டு. ஒரு தெருவில் எப்போதும் ஏறத்தாழ ஏழு இடத்தில் ஓர் இடம் காலியாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் வருகிறவர் சுற்றிச் சுற்றி வரமாட்டார், தெருவும் அடைபடாது.

நம் மாநிலத்துக்கு வருவோம். சென்னை தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. அடுத்து அதன் அருகிலேயே பல அடுக்கு வாகன நிறுத்தமும் வந்தது. இருந்தும் தெருவோரத்தில் நிறுத்துகிற பழக்கம் அந்தப் பகுதியில் மறைந்துவிடவில்லை. கட்டடம் எழுப்பப் பணம் போதும். பழக்கம் மாற அது போதாது.

சட்டம் சொல்வது

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 117-ஆம் பிரிவுப்படி வாகனம் நிறுத்தும் இடங்களைத் தீர்மானிக்கும் அதிகாரம் மாநில அரசுக்கோ, அது அதிகாரம் அளித்தவருக்கோ உரியது. உள்ளாட்சி அமைப்பைக் கலந்துகொண்டு அவர்கள் செய்ய வேண்டும். அதாவது, பொதுச் சாலையில் “எங்கள் கடை வாடிக்கையாளருக்கு மட்டும்” என்று நாமாக ஒரு பலகை வைத்தால் அதற்குச் சட்டபலம் இல்லை. கல், டிரம், பழைய நாற்காலி வைத்து இடம் பிடிப்பதும் அப்படித்தான்.

122-ஆம் பிரிவு, பிறருக்கு ஆபத்தோ இடையூறோ உண்டாகும்படி வண்டியை விட்டுச் செல்லக் கூடாது என்கிறது. தடை செய்யப்பட்ட இடத்தில் நிற்கிற வண்டியையும், பொது இடத்தில் 10 மணி நேரம் கேட்பாரற்றுக் கிடக்கிற வண்டியையும் இழுத்துச் செல்ல 127-ஆம் பிரிவு காவல்துறைக்கு அதிகாரம் தருகிறது. 2019 திருத்தத்துக்குப் பின் பொதுவான விதிமீறலுக்கு 177-ஆம் பிரிவின்படி முதல் முறை 500 ரூபாய், மறுமுறை 1,500 ரூபாய். தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. ஆம்புலன்சுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் வழிவிடத் தவறினால் 194-இ பிரிவின்படி 10,000 ரூபாய் அபராதம் உண்டு.

நடைபாதை மேல், ஏற்கெனவே நிற்கிற வண்டிக்குப் பக்கத்தில் இரண்டாவது வரிசையாக, பேருந்து நிறுத்தத்தை ஒட்டி, பள்ளி, மருத்துவமனை வாசலில், அடுத்தவர் வீட்டு வழியை மறித்து நிறுத்தக் கூடாது என்பது சாலை விதி. நம்மில் பலர் ஓட்டுநர் உரிமம் வாங்கியபோது இதைப் படித்திருப்போம்.

நாம் செய்யக் கூடியவை

முதலாவதாக, கடை வாசலிலிருந்து நம் சொந்த வண்டியை எடுப்போம். முதலாளி எடுத்தால்தான் ஊழியர் எடுப்பார். ஒரு தெருவில் உள்ள கடைக்காரர்கள் சேர்ந்து, சற்றுத் தள்ளியிருக்கும் ஒரு காலி மனையையோ, பகலில் பயன்படாத கல்யாண மண்டப இடத்தையோ மாத வாடகைக்குப் பிடித்து, ஊழியர் வண்டிகளை அங்கே நிறுத்தலாம். இருபது கடை பங்கிட்டால் ஒருவருக்குப் பெரிய தொகை வராது. ஊழியர் நடந்து வர ஐந்து நிமிடம் ஆகும் என்றால் அந்த ஐந்து நிமிடத்தை அவர் வருகை நேரத்தில் கழித்துக்கொள்வது முறை.

இரண்டாவதாக, சரக்கு ஏற்றி இறக்க நேரம் வகுத்துக்கொள்வோம். காலையில் வியாபாரம் சூடுபிடிக்கும் முன்பு ஒன்று, மதியச் சாப்பாட்டு வேளையில் ஒன்று. பார்சல் ஆபீஸ்காரர்களிடம் தனி ஆளாகச் சொன்னால் கேட்கமாட்டார்கள். சங்கமாகச் சொன்னால் கேட்பார்கள்.

மூன்றாவதாக, நெசவாளர்களுக்கு நாள் ஒதுக்குவோம். சேலை கொண்டு வருகிறவர் முகூர்த்தக் கூட்டத்தில் சிக்கி, வண்டியை எங்கேயோ விட்டு, மடியில் பட்டை வைத்துக்கொண்டு காத்து நிற்பது நமக்கு அழகல்ல. கூட்டமில்லாத கிழமையையும் நேரத்தையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவருக்கும் ஒரு நாள் தறி மிச்சம்.

நான்காவதாக, வாடிக்கையாளரிடம் பேசும் முறை. “இங்க நிறுத்தாதீங்க” என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தால் அவர் வண்டியோடு போய்விடுவார். ஒரு பையன் வெளியே வந்து, “வாங்கம்மா, நீங்க இறங்கி உள்ள உட்காருங்க. அண்ணே, வேனை அந்த மைதானத்துல விட்டுட்டு வாங்க, டீ சொல்லி வைக்கிறேன்” என்றால் யாருக்கும் கோபம் வராது. வயதானவரும் கைக்குழந்தைக்காரியும் வாசலிலேயே இறங்கட்டும். வண்டி மட்டும் நகரட்டும்.

ஐந்தாவதாக, பக்கத்துக் கடை உறவு. பத்து வருடம் பேசிப் பழகியவர்கள் ஒரு ஸ்கூட்டருக்காக முகம் திருப்பிக்கொள்வதைப் பார்க்கிறோம். ஒரு கடைக்கு வந்தவர் வண்டி பக்கத்துக் கடை வாசலில் நின்றால், அவர் பத்து நிமிடத்தில் போய்விடுவார் என்று பொறுக்கலாம். நம் ஊழியர் வண்டி நாள் முழுவதும் அங்கே நின்றால் அதைப் பொறுக்கச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

நெருப்பு காத்திருக்காது

எல்லாவற்றுக்கும் மேலான காரணம் ஒன்று. நம் கடைகளில் இருப்பது துணி. 2017 மே 31-ஆம் தேதி தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கட்டடம் தீப்பிடித்து ஒரு நாளுக்கு மேல் எரிந்ததைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அங்கே நடந்ததற்குக் காரணங்கள் வேறாக இருக்கலாம். ஆனால் நம் தெருவில் அப்படி ஒன்று நேர்ந்தால், தீயணைப்பு வண்டி உள்ளே வர எத்தனை வண்டிகளைத் தூக்கி நகர்த்த வேண்டியிருக்கும்? பூட்டிய வண்டிகளின் சாவி யாரிடம் இருக்கும்? இதைத் தீபாவளிக் கூட்டத்தன்று ஒரு நிமிடம் வாசலில் நின்று எண்ணிப் பார்த்தால் போதும்.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். ஆனால் தேர் வருகிற வழியில் நம் வண்டி நிற்கிறதா என்று முதலில் அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும். வருகிற முகூர்த்த மாதத்துக்கு முன் ஒரே ஒரு தெருவில், ஒரே ஒரு மாதம் இதைச் செய்து பார்ப்போம். மாதக் கடைசியில் கல்லாப்பெட்டியையும் கேட்டுப் பார்ப்போம். அது சொல்கிற பதிலை அடுத்த சங்கக் கூட்டத்தில் எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம்.