பொடிக்கக் கூடாத மாத்திரைகள்: மருந்தைப் பிடித்து வைக்கும் பாலிமரும் களிமண்ணும்

“ஐயாவுக்கு விழுங்க முடியவில்லை, அதனால் மாத்திரையை இடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கிறோம்.” நோயாளிகளைப் பராமரிக்கும் குடும்பத்தார் இவ்வாறு கூறுவதை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். அக்கறையினால் செய்யப்படும் செயல்தான். ஆயினும் சில மாத்திரைகளைப் பொறுத்தவரை இது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அதன் காரணத்தை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

மெல்ல வெளிவிடும் மாத்திரை எதற்கு?

சாதாரண மாத்திரை வயிற்றில் விரைவாகக் கரைந்துவிடும். இரத்தத்தில் மருந்தின் அளவு சட்டென உயர்ந்து, சில மணி நேரத்தில் தாழும். எனவே பல மருந்துகளை நாளுக்கு இரண்டு மூன்று வேளை உட்கொள்ள நேர்கிறது. போடிநாயக்கனூரிலிருந்து விடியுமுன்னரே ஜீப்பில் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குச் செல்வோருக்கு மதிய வேளை மாத்திரை எளிதில் தவறிவிடும். தவறிய வேளைகளில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுப்பாட்டை மீறும்.

இதற்குத் தீர்வாகவே, மருந்தைப் பல மணி நேரம் சிறிது சிறிதாக வெளிவிடும் மாத்திரைகள் உருவாயின. 1952-இல் அமெரிக்காவின் ஸ்மித் கிளைன் அண்ட் ஃபிரெஞ்ச் நிறுவனம் ‘ஸ்பான்சூல்’ என்னும் காப்ஸ்யூலை வெளியிட்டது. அதனுள் இருந்த நுண்ணிய மணிகள் வெவ்வேறு நேரங்களில் கரையுமாறு பூச்சிடப்பட்டிருந்தன.

இன்றைய மாத்திரைகள் பலவற்றில் இப்பணியைச் செய்வது பாலிமர் என்னும் நீண்ட சங்கிலி மூலக்கூறுப் பொருளாகும். ஈசப்கோல் உமியை நீரிலிட்டால் அது உப்பிக் கூழாவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மாத்திரையில் சேர்க்கப்படும் பாலிமரும் அவ்வாறே குடல் நீரில் உப்பி, மருந்தைச் சூழ்ந்து கூழாகிறது. அக்கூழின் வழியாக மருந்து மெல்லக் கசிந்து வெளிவருகிறது. மருந்து முழுவதும் வெளியேறிய பின்னர் எஞ்சும் மென்மையான சக்கை சிலவேளை மலத்தில் தென்படும். மருந்து உடலில் சேரவில்லையென்று அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

களிமண் எங்கிருந்து வந்தது?

ஆய்வாளர்கள் இப்போது ஆல்ஜினேட், கைட்டோசான் போன்ற உயிரிப் பாலிமர்களில் மிகுந்த கவனம் செலுத்துகின்றனர். முன்னது பழுப்புக் கடற்பாசியிலிருந்து கிடைப்பது; பின்னது இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறப்படுவது. ஆல்ஜினேட் தரும் கடற்பாசிகள் நம் மன்னார் வளைகுடாவிலும் வளர்கின்றன. ஆயினும் இக்கூழில் நுண்துளைகள் மிகுதி. நீரில் எளிதில் கரையும் மருந்தாயின், தொடக்கத்திலேயே பெரும்பகுதி வெளியே பாய்ந்துவிடக்கூடும்.

இக்குறையை நீக்கவே மாண்ட்மோரிலோனைட் என்னும் களிமண் சேர்க்கப்படுகிறது. இக்களிமண் அடுக்கடுக்கான தகடுகளால் ஆனது. ஒவ்வொரு தகட்டின் தடிமனும் ஏறத்தாழ 1 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. தகடுகள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஆதலால் நேர்மின்னூட்டமுள்ள மருந்து மூலக்கூறுகளைத் தம்மிடையே ஈர்த்து வைத்துக்கொள்கின்றன. மேலும், தகடுகள் குறுக்கே நிற்பதால் மருந்து சுற்றிச் சுற்றியே வெளிவர வேண்டியுள்ளது. போடிமெட்டு ஏறும் சாலையை எண்ணிப் பாருங்கள். நேர்க்கோட்டில் மலை அருகில்தான். 17 கொண்டை ஊசி வளைவுகளே பயணத்தை நீட்டிக்கின்றன.

குஜராத்தின் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு நம் மண்டபத்திலும் ஓர் ஆய்வு நிலையம் உண்டு. அந்நிறுவனத்தின் விஞ்ஞானிகள் வைட்டமின் பி1, பி6 ஆகியவற்றை இக்களிமண் அடுக்குகளுக்கிடையே செலுத்தி, ஆல்ஜினேட்டுடன் சேர்த்து உருவாக்கிய கலவையைப் பற்றி 2010-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். இரைப்பை நீர், குடல் நீர் ஆகியவற்றைப் போன்ற கரைசல்களில் வைட்டமின் வெளியேறும் விதத்தை அவர்கள் ஆராய்ந்தனர். இவை ஆய்வுக்கூடச் சோதனைகள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நாங்கள் இன்று உங்களுக்கு எழுதித் தரும் மாத்திரைகள் இக்கலவையால் ஆனவை அல்ல.

களிமண்ணே மருந்தாகிறதெனில் மண்ணை உண்ணலாமா என்று எவரும் கருதிவிட வேண்டாம். ஆய்வுக்குப் பயன்படுவது தூய்மை செய்யப்பட்ட களிமண். நிலத்து மண்ணில் புழு முட்டைகளும் ஈயம் போன்ற நச்சுகளும் இருக்கக்கூடும். கருவுற்ற பெண்களுக்கு மண்ணோ சாம்பலோ தின்னும் விருப்பம் தோன்றினால், அது இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறியாக இருக்கலாம். கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இடித்தால் என்ன நேரும்?

ஏலக்காயின் மணம் தோலுக்குள் இருக்கும்வரை நெடுநாள் நிற்கும். தோலை உரித்து ஏலரிசியைப் பொடித்தால் மணம் விரைவில் பறந்துவிடும் என்பதை இவ்வூரில் எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மாத்திரையும் அத்தகையதே. இடித்தால், நாள் முழுவதற்குமாக வைக்கப்பட்ட மருந்து சிறிது நேரத்தில் இரத்தத்தில் கலந்துவிடும். நிஃபெடிபின் போன்ற இரத்த அழுத்த மருந்தாயின் அழுத்தம் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்து மயக்கம் ஏற்படலாம். கிளிக்ளசைடு போன்ற சர்க்கரை மருந்தாயின் சர்க்கரை அளவு வெகுவாகக் குறைந்துவிடலாம். பின்னர் மருந்து தீர்ந்துபோய், எஞ்சிய நேரத்துக்குப் பாதுகாப்பு இல்லாமலும் போகும்.

குடும்பத்தார் கவனத்திற்கு

• மாத்திரை அட்டையில் பெயரை அடுத்து எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர்., சி.ஆர்., எம்.ஆர்., ரிடார்டு என்று குறிப்பிட்டிருந்தால் அதனை இடிக்கவோ மெல்லவோ கூடாது. எழுத்து புரியவில்லையெனில் மருந்தாளுநரிடம் காட்டிக் கேளுங்கள்.

• நடுவில் கோடுள்ள சில மாத்திரைகளை மட்டும் இரண்டாக உடைக்கலாம். அவற்றையும் பொடிக்கக் கூடாது. உடைக்கலாமா என்பதை முதலில் கேட்டறியுங்கள்.

• விழுங்க இயலாதவர்களுக்கும், மூக்குக் குழாய் வழியாக உணவு பெறுவோர்க்கும் திரவ மருந்தோ வேறு வகை மாத்திரையோ மாற்றித் தர இயலும். எங்களிடம் கூறாமல் மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

• ஒரு வேளை தவறினால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாக உட்கொள்ளாதீர்கள்.

• மலைப்பகுதியின் ஈரக்காற்று மாத்திரையைக் கெடுக்கும். உட்கொள்ளும் நேரம்வரை அட்டையிலிருந்து பிரிக்காதீர்கள்.

• தவறுதலாக இடித்துக் கொடுத்த பின்னர் தலைசுற்றல், வியர்வை, தடுமாற்றம், மயக்கம் தென்பட்டால் தாமதியாமல் 108-ஐ அழையுங்கள். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்து வாருங்கள்.

அடுத்த முறை வரும்போது வீட்டிலுள்ள மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் கொண்டு வாருங்கள். எவற்றை முழுதாக விழுங்க வேண்டும், எவற்றைப் பொடிக்கலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறோம்.