மேட்டில் நின்றுபோகும் வைப்பர்

இங்கிலாந்தில் மழைக்கு நடுவே பழைய கார் கண்காட்சி பார்த்துவந்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஃபோர்டு பாப்புலர் ஒன்று சேற்று மைதானத்திலிருந்து மேடு ஏறியபோது, வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிட்டது. மேலே போனதும் படபடவென்று அடித்தது. பழுதா?"

பழுதில்லை. 1953 முதல் 1959 வரை தயாரான அந்த மாடலின் ஒற்றை வைப்பருக்கு மின்சாரம் கிடையாது. இன்ஜின் காற்றை உறிஞ்சுகிறதே, அந்த உறிஞ்சலில்தான் அது ஓடுகிறது.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கார்புரேட்டரின் த்ராட்டில் மூடிக்கொள்ளும். பிஸ்டன்களோ இழுப்பதை விடுவதில்லை. அதனால் இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயில் அழுத்தம், வெளியே இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிடும். அங்கிருந்து ஒரு சன்னமான ரப்பர் குழாய் வைப்பரின் டப்பாவுக்குப் போகிறது. டப்பாவுக்குள் இப்படியும் அப்படியும் ஆடும் ஒரு தகடு. அதன் ஒருபுறம் உறிஞ்சல், மறுபுறம் வெளிக்காற்று. தகட்டின் பரப்பு 20 சதுர செ.மீ. என்று வைத்துக்கொண்டால், சுமார் 13 கிலோ பாரம் அதன்மேல் விழுகிறது. தள்ளுவது இன்ஜின் அல்ல, நம் வளிமண்டலம்! தகடு ஓரத்தை எட்டியதும் சுருள்வில் ஒன்று 'டக்'கென்று வால்வைப் புரட்டும். உறிஞ்சல் பக்கம் மாறும், தகடு திரும்பும், கூடவே வைப்பரும்.

மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் த்ராட்டில் திறந்து, காற்று தாராளமாக உள்ளே பாயும், உறிஞ்சல் போய்விடும். கீழ்வீட்டில் குழாயை முழுசாகத் திறந்தால் மாடியில் குளிப்பவருக்குத் தண்ணீர் சொட்டுமே, அந்தக் கதைதான். தலையில் ஷாம்பு, கண்ணைத் திறக்க முடியாது. ஓட்டுநரின் நிலையும் அதுவே. என்ன கொடுமை என்றால், கீழே குழாயைத் திறந்துவிட்டதும் அவர் கால்தான். லாரியை முந்தும்போது சக்கரச் சேறு கண்ணாடியில் அறையும். சரியாக அந்த நேரத்தில் வைப்பர் படுத்துவிடும். காலை எடுத்தால் பார்வை வரும், வேகம் போகும்.

வரலாறு வேண்டுவோருக்கு: கையால் இயக்கும் வைப்பருக்கு மேரி ஆண்டர்சன் 1903இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். மின்சார வைப்பர் 1920களிலேயே வந்துவிட்டது. ஆனாலும் மலிவு என்பதால் உறிஞ்சல் வைப்பர் பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தது.

'பேட்டரியைத் தொடாமல் இலவசமாக ஓடுகிறது' என்று பழைய கார் பிரியர்கள் பெருமை பேசுவார்கள். இலவசமெல்லாம் இல்லை. வைப்பர் வழியே நுழையும் காற்று, இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் கலவையை நீர்க்கச் செய்யும். 'அந்தக் காலத்துத் தயாரிப்பே தனி' என்ற பெருமூச்சையும் மழை நாளில் நம்பவேண்டாம். யாராவது ரப்பர் குழாயைக் கழற்றிவிட்டு மின் மோட்டார் பொருத்தியிருந்தால், கலப்படம் என்று முகம் சுளிக்காதீர்கள். அவர் காரைத் துடைத்து வைத்து அழகு பார்ப்பவரல்ல, மழையிலும் ஓட்டுபவர்.