ஒரே உரை, இரண்டு செலவுகள்

போர்க் கணக்கு - 9

வியட்நாம் போர் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனின் வறுமை ஒழிப்புத் திட்டங்களை எப்படி அரித்துத் தின்றது என்று சென்ற வாரம் பார்த்தோம். இப்படி எழுதும்போதெல்லாம் ஒரு கேள்வி எழும். "போர் நடக்காமல் இருந்திருந்தால் மட்டும் அந்தப் பணம் ஏழைக்கா போயிருக்கும்? வேறு எதிலாவதுதான் கரைந்திருக்கும்." நியாயமான கேள்விதான். நடக்காத ஒன்றை வைத்து வாதாடலாம், நிரூபிக்க முடியாது. ஆனால் ஒரே அரசு, ஒரே காலத்தில், இரண்டு வழியிலும் பணத்தைச் செலவழித்துக் காட்டிய தருணம் ஒன்று உண்டு. அங்கே நாம் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. இரண்டு கணக்குகளையும் எடுத்துப் பார்த்தால் போதும்.

2003 ஜனவரி 28. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கூட்டுக் கூட்டத்தில் அதிபர் ஜார்ஜ் புஷ் ஆண்டு உரை நிகழ்த்துகிறார். அந்த உரையில் ஆப்பிரிக்காவைப் பற்றி வந்த இரண்டு விஷயங்கள் இங்கே முக்கியம். ஒன்று உலகம் முழுக்கத் தெரிந்தது: இராக் அதிபர் சதாம் ஹுசைன் ஆப்பிரிக்காவிலிருந்து யுரேனியம் வாங்க முயன்றார் என்று பிரிட்டிஷ் அரசு அறிந்திருக்கிறது என்பது. அந்த வரி உரையில் இடம்பெற்றிருக்கவே கூடாது என்று ஆறு மாதத்தில் வெள்ளை மாளிகையே ஒப்புக்கொண்டது. அதற்குள் அமெரிக்கப் படையிடம் பாக்தாத் விழுந்துவிட்டது.

இன்னொன்றைப் பலர் மறந்துவிட்டார்கள். ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய மூன்று கோடிப் பேருக்கு எச்.ஐ.வி. கிருமி இருக்கிறது, அவர்களில் ஐம்பதாயிரம் பேருக்குத்தான் மருந்து கிடைக்கிறது என்றார் புஷ். ஐந்து ஆண்டுகளில் 1,500 கோடி டாலர் செலவிட்டு 20 லட்சம் பேருக்குச் சிகிச்சை தருவோம் என்று அறிவித்தார். மேலே பார்வையாளர் மாடத்தில், அதிபரின் மனைவி லாரா புஷ் அருகே, உகாண்டாவைச் சேர்ந்த மருத்துவர் பீட்டர் முகியேனி அமர்ந்திருந்தார். கம்பாலாவில் ஒரு ஆராய்ச்சி மருத்துவமனையை நடத்தியவர். காப்புரிமைக் கெடுபிடிகளைப் பொருட்படுத்தாமல் இந்தியாவிலிருந்து மலிவு மருந்துகளை வரவழைத்தவர்.

அந்த மருந்தின் விலைதான் இந்தக் கதையின் அச்சாணி. எய்ட்ஸ் என்ற பெயர் தமிழ்நாட்டில் கிளப்பிய பீதியை நாற்பது வயது கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டதே சென்னையில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாணவி நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்து வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தார். அதற்குப் பிறகு பத்தாண்டுகளுக்கு மருத்துவர்களால் செய்ய முடிந்தது ஆறுதல் சொல்வதும், உடன் வரும் காசநோய்க்கு வைத்தியம் பார்ப்பதும்தான். 1996 வாக்கில் கூட்டு மருந்துகள் வந்தன. ஒரு நோயாளிக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் டாலர் ஆகும். ஏழை நாடுகளில் யாரால் முடியும்? 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்ளா நிறுவனத்தின் யூசுஃப் ஹமீது, அதே கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்று முன்வந்தார். நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவு. புஷ் தன் உரையில், விலை 12,000 டாலரிலிருந்து 300 டாலருக்குக் கீழே இறங்கிவிட்டது என்று சொன்னாரே, அந்த இறக்கத்துக்குப் பின்னால் இருந்தது இந்திய மருந்துத் தொழில்.

எய்ட்ஸ் திட்டத்துக்கான சட்டத்தில் புஷ் 2003 மே 27-ம் தேதி கையெழுத்திட்டார். சுருக்கமாக அதைப் பெப்ஃபார் என்பார்கள். அதில் குறைகள் இல்லாமல் இல்லை. தடுப்புக்கான பணத்தில் மூன்றில் ஒரு பங்கைப் புலனடக்கப் பிரசாரத்துக்கு ஒதுக்கச் சொன்னது வீண் செலவு. தொடக்கத்தில் விலை கூடிய மருந்துகளையே வாங்கியதும் தவறு. அது திருத்தப்பட்டு, சில ஆண்டுகளில் வாங்கிய மருந்தில் பெரும்பகுதி இந்தியாவில் செய்யப்பட்ட மலிவு மருந்தாக மாறியது. ஆனால் திட்டத்தின் எலும்புக்கூடு உறுதியாக இருந்தது. எத்தனை பேர் மருந்து சாப்பிடுகிறார்கள், எத்தனை கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை நடந்தது, எத்தனை குழந்தைகள் கிருமி தொற்றாமல் பிறந்தன என்று தலை எண்ணி ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். புதிதாக மாளிகைகள் எழுப்பவில்லை. ஏற்கெனவே இருந்த மாவட்ட மருத்துவமனைகள், மிஷன் மருத்துவமனைகள், அந்த ஊர் மருத்துவர்கள், செவிலியர்கள் ஆகியோர் வழியாகவே வேலை நடந்தது. உகாண்டா கிராமங்களில் மருந்துப் பொட்டலத்தோடு களப்பணியாளர்கள் மோட்டார் சைக்கிளில் வீடு தேடிப் போனார்கள். தள்ளுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவரப்பட்டவர்கள் சில மாதங்களில் தாங்களே நடந்து வந்து அடுத்த மாத மாத்திரையை வாங்கிப்போனதை அங்கே பணியாற்றிய மருத்துவர்கள் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கிறார்கள்.

2008 செப்டம்பரில் 20 லட்சம் பேர் என்ற இலக்கு எட்டப்பட்டது. சொன்ன தொகையைவிடச் சற்றுக் கூடுதலாக, சுமார் 1,880 கோடி டாலர் செலவாகியிருந்தது. சொன்ன வேலை சொன்ன காலத்தில் முடிந்தது. திட்டம் தொடர்ந்து விரிந்து, இருபது ஆண்டுகளில் இரண்டரைக் கோடி உயிர்களைக் காத்ததாக அமெரிக்க அரசின் மதிப்பீடு சொல்கிறது. மொத்தச் செலவு 11,000 கோடி டாலருக்கு மேல்.

இனி அடுத்த கணக்கு.

இராக் போருக்கு என்ன செலவாகும்? 2002 செப்டம்பரில் புஷ்ஷின் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்ஸே, 10,000 கோடியிலிருந்து 20,000 கோடி டாலர் வரை ஆகலாம் என்றார். வெள்ளை மாளிகை அதை ரசிக்கவில்லை. டிசம்பரில் அவர் பதவி போயிற்று. அந்த ஆண்டு முடிவதற்குள் பட்ஜெட் இயக்குநர் மிட்ச் டேனியல்ஸ் 5,000, 6,000 கோடிக்குள் முடிந்துவிடும் என்றார். பாதுகாப்புத் துணை அமைச்சர் பால் உல்ஃபோவிட்ஸ், தன் மறுசீரமைப்புச் செலவை இராக் தன் எண்ணெய் வருமானத்திலேயே விரைவில் பார்த்துக்கொள்ளும் என்று நாடாளுமன்றக் குழுவில் சொன்னார். வெளிநாட்டு உதவி நிறுவனத்தின் தலைவர் ஆண்ட்ரூ நாட்ஸியாஸ் 2003 ஏப்ரலில் தொலைக்காட்சியில் தோன்றி, மறுசீரமைப்பில் அமெரிக்காவின் பங்கு 170 கோடி டாலர், அதற்கு மேல் கிடையாது என்றார்.

கடைசியில் ஆன செலவு: மறுசீரமைப்புக்கு மட்டும் சுமார் 6,000 கோடி டாலர். அமெரிக்க நாடாளுமன்ற ஆய்வுப் பிரிவின் கணக்குப்படி 2014 வரை இராக் போருக்கு ஒதுக்கப்பட்டது 81,500 கோடி டாலர். லிண்ட்ஸே அதிகமாகச் சொல்லவில்லை, குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார். 2008-ல் இராக்குக்கு மாதம் சுமார் 1,200 கோடி டாலர் போய்க்கொண்டிருந்தது. எய்ட்ஸ் திட்டத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்கென்று அறிவிக்கப்பட்ட தொகை, அந்த வேகத்தில் ஆறு வாரம்கூடத் தாங்காது.

பணம் எப்படிப் போனது என்பதற்கு ஒரு காட்சி. படையெடுப்புக்குப் பிந்தைய ஓராண்டில், நியூ ஜெர்சியில் உள்ள மத்திய வங்கிக் கிடங்கிலிருந்து 1,200 கோடி டாலர் ரொக்கமாக பாக்தாதுக்கு ராணுவச் சரக்கு விமானங்களில் அனுப்பப்பட்டது. பெரும்பாலும் நூறு டாலர் நோட்டுகள். பிளாஸ்டிக் உறை சுற்றிய கட்டுகளை மரப்பலகைத் தட்டுகளில் அடுக்கினார்கள். ஒரு தட்டில் 640 கட்டு, கட்டுக்கு ஆயிரம் நோட்டு. மொத்த எடை 363 டன். 2007-ல் ஹென்றி வாக்ஸ்மன் தலைமையிலான நாடாளுமன்றக் குழு இதை விசாரித்தது. சுமார் 880 கோடி டாலருக்கு உரிய கணக்கு வைக்கப்படவில்லை என்று மறுசீரமைப்புத் தணிக்கை அதிகாரி ஸ்டூவர்ட் போவன் ஏற்கெனவே அறிக்கை கொடுத்திருந்தார். இதில் நெஞ்சை அறுக்கும் விஷயம், அது அமெரிக்க வரிப்பணம்கூட அல்ல. இராக்கின் எண்ணெய் விற்ற பணம், முடக்கி வைக்கப்பட்டிருந்த இராக்கின் சொத்து. மருந்தும் குடிநீரும் இல்லாமல் தவித்த மக்களின் சொந்தக் காசு.

ஆப்பிரிக்காவில் மருத்துவமனைகள் வழியே வெற்றி கண்ட அதே அரசு, இராக்கிலும் மருத்துவ நிலையங்கள் கட்டப் புறப்பட்டது. நாடு முழுக்க 150 ஆரம்ப சுகாதார நிலையங்கள் கட்ட 2004-ல் ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்துக்கு ஒப்பந்தம். இரண்டு ஆண்டுகளில் 18 கோடியே 60 லட்சம் டாலர் செலவாகியிருந்தது. கட்டி முடிக்கப்பட்டவை ஆறு. மீதியில் பெரும்பாலானவற்றின் ஒப்பந்தம் ரத்தாகி, சுவரும் தூணுமாக நின்றன. ஃபலூஜா நகரின் பாதாளச் சாக்கடைத் திட்டமும் அப்படித்தான். 2004-ல் 3 கோடியே 25 லட்சம் டாலரில் நகரம் முழுவதற்கும் என்று தொடங்கினார்கள். பத்துக் கோடி டாலருக்கு மேல் விழுங்கிய பிறகும் நகரத்தின் ஒரு பகுதி வீடுகளுக்கே இணைப்பு கிடைத்தது.

திருட்டும் திறமையின்மையும் மட்டுமே காரணம் என்று விட்டுவிட முடியாது. பொறியாளர் வேலை நடக்கும் இடத்துக்குப் போகத் துப்பாக்கி ஏந்திய காவல் வண்டிகள் வேண்டும். அந்தக் காவலுக்கே ஒப்பந்தத் தொகையில் கணிசமான பங்கு போய்விடும். குண்டு வெடித்த மறுநாள் கூலியாட்கள் வர மாட்டார்கள். குழாய் பதித்த தெருவில் அடுத்த வாரம் சண்டை நடக்கும். எங்கே எது தேவை என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்காமல், கோட்டைச் சுவருக்குள் இருந்தபடி திட்டம் போட்டார்கள். உகாண்டாவில் முகியேனி போன்றவர்களிடம் வேலையை ஒப்படைத்தார்கள். இராக்கில் முகியேனியைப் போன்ற மருத்துவர்கள் பலர் கொலைக்கும் ஆள் கடத்தலுக்கும் அஞ்சி அம்மானுக்கும் டமாஸ்கஸுக்கும் போய்விட்டார்கள். போர்ச் செலவை நல்ல செலவாகப் பிறகு திருப்பிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இந்த ஆறு சுகாதார நிலையங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். போருக்கு என்று புறப்பட்ட பணம், மருத்துவமனைக்கு என்று பெயர் மாற்றிய பிறகும் போர்ப் பணமாகவே கரைந்தது.

"அது கடன் வாங்கிய பணம்தானே, போர் இல்லையென்றால் அந்தக் கடனே வாங்கியிருக்க மாட்டார்களே" என்பார்கள். உண்மை. எய்ட்ஸ் சட்டத்தில் கையெழுத்திட்ட மறுநாளே, 2003 மே 28-ம் தேதி, புஷ் வரிக்குறைப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒரு போர் நடந்துகொண்டிருக்கும்போது வரியைக் குறைத்த வினோதம் அது. போருக்கான பணம் பெரும்பாலும் அவசர நிதி என்ற பெயரில், வழக்கமான பட்ஜெட்டுக்கு வெளியே, ஆண்டுதோறும் கடனாகத் திரட்டப்பட்டது. மருந்துக்கு ஐந்து ஆண்டு வரம்பும் தலை எண்ணிக்கையும் வைத்த நாடாளுமன்றம், போருக்கு வரம்பு வைக்கவில்லை. கடன் வாங்க முடியும் என்பது தெரிந்த அரசு, எதற்காக வாங்குவது என்பதைத்தான் தேர்ந்தெடுத்தது.

சொந்த நாட்டிலும் அந்தத் தேர்வின் நிழல் விழுந்தது. 2005 ஆகஸ்ட் 29-ல் கேத்ரினா புயல் நியூ ஆர்லியன்ஸைத் தாக்கியபோது, லூசியானா மாநிலக் காவல் படையின் 256-வது படைப்பிரிவு, சுமார் மூவாயிரம் பேர், இராக்கில் இருந்தது. போர் இல்லாவிட்டால் வெள்ளத் தடுப்புச் சுவர்கள் உடைந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். வடிவமைப்பிலேயே கோளாறு இருந்ததை ராணுவப் பொறியியல் பிரிவு பிறகு ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த நகரைச் சுற்றிப் புதிய சுவர்களையும் மதகுகளையும் நீரேற்று நிலையங்களையும் கட்ட ஆன செலவு சுமார் 1,450 கோடி டாலர். 2008-ன் கணக்கில் இராக் போரின் ஐந்து வாரச் செலவு. அந்தச் சுவர்கள் 2021-ல் ஐடா புயலைத் தாங்கி நின்றன.

போர் முடிந்தாலும் பில் முடிவதில்லை. பொருளாதார அறிஞர் ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் ஹார்வர்டு பேராசிரியை லிண்டா பில்ம்ஸும் 2008-லேயே இராக் போரின் முழுச் செலவு 3 லட்சம் கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். அன்று மிகைப்படுத்தல் என்றார்கள் பலர். பில்ம்ஸ் சுட்டிக்காட்டிய ஒரு தகவல் என்னைத் தூங்கவிடவில்லை. முதல் உலகப் போரின் வீரர்களுக்கான ஊனத் தொகை உச்சத்தைத் தொட்ட ஆண்டு 1969. போர் முடிந்து ஐம்பது ஆண்டுகள் கழித்து! உடலுறுப்பை இழந்தவருக்கு வயதாகும்போதுதான் செலவு கூடுகிறது. இராக், ஆப்கானிஸ்தான் போர்களின் வீரர்களுக்கான மருத்துவச் செலவும் ஊனத் தொகையும் 2050 வரைக்கும் 2 லட்சம் கோடி டாலரைத் தாண்டும் என்பது அவரது மதிப்பீடு. இது அமெரிக்க வீரர்களின் கணக்கு மட்டும். இராக்கில் ஆவணப்படுத்தப்பட்ட பொதுமக்கள் மரணங்கள் சுமார் 2 லட்சம். அவர்களின் விதவைகளுக்கும் கால் போன பிள்ளைகளுக்கும் 2050 வரை ஆகும் செலவு எதுவும் இந்தத் தொகையில் சேர்க்கப்படவில்லை.

2025 ஜனவரி 20-ல் புதிய அமெரிக்க அரசு பெப்ஃபார் உட்பட வெளிநாட்டு வளர்ச்சி உதவியை நிறுத்திவைத்து உத்தரவிட்டது. செலவைக் குறைக்க வேண்டும் என்றார்கள். உயிர்காக்கும் எய்ட்ஸ் மருந்துக்குப் பிறகு விலக்கு அளிக்கப்பட்டாலும், அதற்குள் ஆப்பிரிக்காவில் பல மருத்துவ மையங்கள் மூடப்பட்டன, களப்பணியாளர்கள் வேலையை இழந்தார்கள். இந்த மாத்திரையை ஒரு நாள் விடாமல் வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். நிறுத்தினால் கிருமி மீண்டும் பெருகத் தொடங்கிவிடும். இராக் போருக்காக வாங்கிய கடனுக்கு அமெரிக்கா அந்த மாதமும் வட்டி கட்டியது.

அடுத்த வாரம்: 1948-ல் தன் ராணுவத்தையே கலைத்துவிட்ட கோஸ்டாரிகா, அந்தப் பணத்தை என்ன செய்தது?

(தொடரும்)