கடைமடைக்கும் எட்ட வேண்டிய செய்தி ஓடை

வானிலை முன்னறிவிப்பு, பூச்சி நோய் எச்சரிக்கை, மானிய அறிவிப்பு, பயிர்க் காப்பீட்டுக்கான கடைசி நாள் ஆகிய யாவும் இன்று இணையதளங்களில் வெளியாகின்றன. ஆயினும் உரிய நேரத்தில் உழவரை எட்டாத செய்தியால் பயன் இல்லை. மேலுரம் இட்ட மறுநாள் கனமழை பெய்தால் தழைச்சத்தின் ஒரு பகுதி நீரோடு போய்விடும். மழை பற்றிய அறிவிப்பு முன்னதாகவே வெளிவந்திருந்தும் அதைக் காணாத விவசாயிக்கு உரச்செலவு வீண். வயல் வேலைகளுக்கிடையே பத்துத் தளங்களை நாள்தோறும் திறந்து பார்ப்பதும் இயலாத காரியம். இக்குறையைப் போக்க வல்லது செய்தி ஓடை.

செய்தி ஓடை என்றால் என்ன?

இணையதளத்தை ஏரி என்று கொண்டால், அதிலிருந்து வயலுக்கு வரும் வாய்க்காலே செய்தி ஓடை. தளத்தில் புதிதாகச் சேரும் செய்திகளின் தலைப்பு, நாள், சுருக்கம், இணைப்பு ஆகியவற்றை இது பட்டியலாகத் தரும். 'ஆர்.எஸ்.எஸ்.' எனப்படும் இம்முறையை 1999ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனம் கொண்டுவந்தது. ஃபீட்லி, இனோரீடர் போன்ற ஓடை படிக்கும் செயலி ஒன்றில் தளத்தின் ஓடை முகவரியை ஒருமுறை சேர்த்துவிட்டால், புதிய செய்திகள் தாமாகவே வந்து சேரும். தளத்துக்குத் தொலைபேசி எண் கொடுக்கத் தேவையில்லை. வேண்டாதபோது மடையை அடைப்பதுபோல் நிறுத்திவிடலாம்.

பரவாமைக்குக் காரணம்

இவ்வளவு பயனுள்ள முறை சாதாரண மக்களிடம் பரவவில்லை. ஆரஞ்சு நிற ஓடைச் சின்னத்தைத் தொட்டால், பல தளங்களில் புரியாத குறியீடுகளே திரை முழுவதும் தோன்றுகின்றன. ஏதோ பழுது என்று எண்ணிப் பார்ப்பவர் மூடிவிடுகிறார். பலரும் பயன்படுத்திய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. பயர்பாக்ஸ் உலாவியும் 2018 டிசம்பரில் ஓடை வசதியை நீக்கிவிட்டது. ஆகவே, ஓடையை எளிமையாக்கும் பொறுப்பு தளம் நடத்துவோரையே சேர்ந்தது.

தளம் நடத்துவோர் கவனத்திற்கு

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடித்தல் நலம்.

1. சின்னத்தை மட்டும் வைக்காமல், அருகில் 'புதிய செய்திகளை உடனுக்குடன் பெற' என்று தமிழில் எழுத வேண்டும்.

2. அதைத் தொட்டவுடன் குறியீடு தோன்றாமல், ஓடையைச் சேர்க்கும் முறையை விளக்கும் எளிய பக்கம் திறக்க வேண்டும்.

3. நெல், தென்னை, கால்நடை, வானிலை எனத் தனித்தனி ஓடைகள் அமைக்க வேண்டும். தென்னை விவசாயிக்குப் பருத்திச் செய்தி தேவைப்படாது.

4. 'முக்கிய அறிவிப்பு' என்ற தலைப்பு எதையும் உணர்த்தாது. ஊர், பயிர், செய்ய வேண்டிய வேலை, கடைசி நாள் ஆகியவை தலைப்பிலேயே இருத்தல் வேண்டும்.

5. அறிவிப்பைப் படமாக இணைக்காமல் யூனிகோடு தமிழில் தட்டச்சு செய்ய வேண்டும். பழைய எழுத்துருக்களில் அடித்தவை பிற கைப்பேசிகளில் சிதைந்து தெரியும். யூனிகோடு எழுத்தாயின், கண்பார்வை குறைந்தோருக்குக் கைப்பேசியே வாசித்துக் காட்டும்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

முதலில் இரண்டு மூன்று ஓடைகளை மட்டும் சேர்த்துப் பழக வேண்டும். ஓடை முகவரி தெரியாவிட்டால், செயலியின் தேடல் பெட்டியில் தளத்தின் முகவரியை இட்டுப் பார்க்கலாம். ஓடை இருப்பின் பெரும்பாலும் செயலியே கண்டுபிடித்துவிடும். தளத்தின் முகவரியைச் சரிபார்த்த பின்னரே சேர்க்க வேண்டும். வேளாண் வானிலை அறிவுரைகள் வாரந்தோறும் செவ்வாய், வெள்ளி ஆகிய நாட்களில் வெளியாவதால், அந்நாட்களில் தவறாமல் பார்ப்பது நல்லது. கைப்பேசி இல்லாதோருக்காக, ஊரில் ஒருவர் புதிய செய்திகளைச் சங்கக் கட்டடத்தின் கரும்பலகையில் எழுதி வைக்கலாம்.

எச்சரிக்கை

செயலி குறிப்பிட்ட இடைவெளிகளில்தான் ஓடையைப் பார்த்து வரும். ஆதலால் புயல், வெள்ளக் காலங்களில் இதை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. வானொலி அறிவிப்பையும் கேட்க வேண்டும். பயிர் குறித்த ஐயங்களுக்கு 1800-180-1551 என்ற கட்டணமில்லா உழவர் அழைப்பு மைய எண்ணைத் தொடர்பு கொள்ளலாம்.

தலைமடையில் எவ்வளவு நீர் இருந்தாலும், கடைமடை வயல் நனைந்தால்தான் பாசனம் முழுமை பெறும். செய்தியும் அவ்வாறே. தளத்தில் வெளியிடுவதோடு நில்லாமல், ஒரு ஏக்கர் விவசாயியின் கைக்கும் எளிதில் சேருமாறு செய்வது அவசியம்.