பழைய மனநல மருத்துவமனையை இடித்தால் அங்கிருப்பவர் எங்கே போவார்?

“இவனைக் கீழ்ப்பாக்கத்துக்குத்தான் அனுப்பணும்.” சினிமாவிலும் டீக்கடையிலும் இதைச் சொல்லிச் சிரிக்காத ஊர் தமிழ்நாட்டில் இருக்காது. ஒரு மருத்துவமனையின் பெயரே கேலிச் சொல்லாகிப்போனதால், ‘அங்கே போனா ஊரே பேசும்’ என்று பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன.

அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்ட பழைய பிம்பம் மாறவேண்டிய காலம் இது. உயர்ந்த மதில், பூட்டிய கதவு, ஊருக்கு ஒதுக்குப்புறம் என்று கட்டப்பட்ட மனநல மருத்துவமனைகள் உலகம் முழுவதும் மூடப்படுகின்றன, இடிக்கப்படுகின்றன, புதிதாகக் கட்டப்படுகின்றன. கட்டடம் போவது நல்லதுதான். ஆனால் உள்ளே இருந்தவர்கள் எங்கே போனார்கள்? விருத்தாசலம் போன்ற ஊரில் இருக்கும் உங்களுக்கும் எனக்கும் இதில் என்ன இருக்கிறது? பார்ப்போம்.

கீழ்ப்பாக்கத்தின் கதை

சென்னையில் மனநோயாளிகளுக்கான காப்பகம் 1794-இல் தொடங்கியது. நாட்டின் மிகப் பழைய மனநலக் காப்பகங்களில் இதுவும் ஒன்று. கீழ்ப்பாக்கத்தில் ‘லோக்காக் தோட்டம்’ எனப்பட்ட சுமார் 66 ஏக்கர் இடத்துக்கு அது 1871-இல் மாறியது. அப்போது உள்ளே இருந்தவர்கள் 145 பேர். அன்று அது நகரத்தின் ஓரம். இன்று நகரத்தின் நடு.

1922-இல் ‘அரசு மனநல மருத்துவமனை’ என்று பெயர் மாறியது. பின்னர் அது மனநல மருத்துவம் கற்பிக்கும் நிறுவனமாகவும் வளர்ந்தது. 2022-23 மாநில வரவுசெலவுத் திட்டத்தில், ரூ.40 கோடியில் அதைத் தரம் உயர்த்தும் அறிவிப்பு வந்தது.

மும்பை அருகே தானேயில் 1901-இல் தொடங்கிய மனநல மருத்துவமனைக்கும் இதே கதைதான். ஊர் வளர்ந்து மருத்துவமனையைச் சூழ்ந்துகொண்டது. அதன் நிலத்தின் ஒரு பகுதியில் புதிய ரயில் நிலையம் அமைக்க 2023-இல் உயர் நீதிமன்றம் வழிவிட்டது. பழைய மனநல மருத்துவமனைகள் பெரும்பாலும் பெரிய நிலத்தில் இருப்பவை. அதனால் ‘இடித்துவிட்டு வேறு ஏதாவது கட்டலாமே’ என்ற பேச்சு எங்கும் வரும்.

இடித்த இடங்களில் என்ன நடந்தது?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள டான்வர்ஸ் மருத்துவமனை 1878-இல் திறக்கப்பட்டு 1992-இல் மூடப்பட்டது. பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்தபின், பெரும்பகுதி இடிக்கப்பட்டு அடுக்குமாடிக் குடியிருப்பு வந்தது. அந்த வளாகத்து இடுகாட்டில் பல கல்லறைகளில் பெயரே இல்லை, வெறும் எண்தான். அங்கே சிகிச்சை பெற்று வெளியே வந்தவர்களே பின்னாளில் பதிவேடுகளைத் தேடி, இறந்தவர்களின் பெயர்களைக் கண்டுபிடித்து நினைவுக்கல் வைத்தார்கள்.

அமெரிக்கா முழுவதும் பெரிய மருத்துவமனைகள் வேகமாகக் காலியாயின. அவற்றுக்குப் பதிலாக ஊருக்கு ஊர் வருவதாகச் சொன்ன மனநல மையங்கள் போதுமான அளவில் வரவில்லை. விளைவு, பலர் தெருவிலும் சிறையிலும் போய்ச் சேர்ந்தார்கள்.

இத்தாலியின் டிரியஸ்டே நகரம் வேறு வழியில் போனது. 1971-இல் சான் ஜொவான்னி மருத்துவமனையின் பொறுப்புக்கு வந்த டாக்டர் பிராங்கோ பசாலியா, கதவுகளைத் திறந்துவிட்டார். சுமார் 1,200 பேர் இருந்த மருத்துவமனையை ஒரே நாளில் மூடவில்லை. நகரின் பல பகுதிகளில் மனநல மையங்களைத் திறந்து, வீடும் வேலையும் கிடைக்க வழி செய்து, பிறகுதான் மூடினார்கள். 1978-இல் புதிய மனநல மருத்துவமனைகள் கட்டுவதைத் தடுக்கும் சட்டமே அந்த நாட்டில் வந்தது. பழைய வளாகத்தில் இன்று பல்கலைக்கழகத் துறைகள், ரோஜாத் தோட்டம், பொதுமக்கள் நடக்கும் பாதைகள் எல்லாம் இருக்கின்றன.

இரண்டு ஊரிலும் மருத்துவமனை மூடப்பட்டது. ஒரு ஊரில் முதலில் சேவை வந்தது, பிறகு பூட்டு விழுந்தது. மற்ற இடத்தில் முதலில் பூட்டு, சேவை அரைகுறை. வித்தியாசம் இவ்வளவுதான்.

நம்ம மாநிலத்தில் கற்ற பாடம்

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே இந்த வழக்கை எடுத்துக்கொண்டது.

அங்கிருந்த அத்தகைய காப்பகங்கள் உடனே மூடப்பட்டன. மூடியது சரி, ஆனால் அங்கிருந்த எல்லோருக்கும் போக வீடு இருக்கவில்லை. பலர் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். மாவட்டத்திலேயே சிகிச்சை இருந்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் ஏர்வாடிக்கே போயிருக்க மாட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2018 மே முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சில விஷயங்களைத் தெளிவாகச் சொல்கிறது:

• ‘குடும்பம் ஏத்துக்கலை’, ‘வீடு இல்லை’ என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது. சமூகத்தில் மற்றவர்களோடு சேர்ந்து வாழ்வது அவர் உரிமை.
• யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது.
• பதிவு பெறாமல் மனநலக் காப்பகம் நடத்தக் கூடாது.
• மருத்துவக் காப்பீட்டில் உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் இடம் தரவேண்டும்.
• இலவச சட்ட உதவி உண்டு. அதற்கான எண் 15100.

குணமாகியும் கூட்டிச்செல்ல ஆள் வராமல் பல ஆண்டுகளாக வார்டிலேயே இருப்பவர்கள் நாடு முழுவதும் இருக்கிறார்கள். கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது முதலில் கேட்கவேண்டியது இவர்களைப் பற்றித்தான். சென்னையில் 1993-இல் தொடங்கிய ‘தி பேனியன்’ அமைப்பு, இப்படிப்பட்டவர்கள் சாதாரணத் தெருவில் வாடகை வீடு எடுத்துச் சிறு குழுவாகச் சேர்ந்து வாழ ஏற்பாடு செய்து, இது நடக்கும் என்று காட்டியிருக்கிறது.

விருத்தாசலத்தில் இருந்தால் எங்கே போவது?

விருத்தாசலத்திலிருந்து சென்னை 200 கிலோமீட்டருக்கு மேல். பீங்கான் பட்டறையில் நாள்கூலிக்கு வேலை பார்ப்பவருக்குச் சென்னை போய்வர ரெண்டு நாள் ஆனால், ரெண்டு நாள் சம்பளம் போச்சு. அடுத்த மாதம் மாத்திரை வாங்கத் திரும்பப் போவாரா? மாட்டார். மாத்திரை நின்றால் நோய் திரும்பும். ‘மருந்து வேலை செய்யலை’ என்று வீட்டில் முடிவுகட்டிவிடுவார்கள்.

இதற்காகத்தான் மாவட்ட மனநலத் திட்டம். தமிழ்நாட்டில் முதலில் திருச்சி மாவட்டத்தில் தொடங்கிய இத்திட்டம் இன்று கடலூர் மாவட்டத்திலும் நடக்கிறது. பெரும்பாலான மனநலப் பிரச்சினைகளுக்கு மருத்துவமனையில் தங்கத் தேவையே இல்லை. புறநோயாளியாகப் பார்த்து மாத்திரை வாங்கினால் போதும்.

1. முதலில் 14416-க்கு அழையுங்கள். இது ‘டெலி மானஸ்’ சேவை. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். இதற்கான செயலியும் இருக்கிறது.
2. பக்கத்து அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் வரும் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். 104-இலும் விசாரிக்கலாம்.
3. மேல்சிகிச்சைக்குக் கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவை இருக்கின்றன.
4. நீண்டகால மனநோயும் சட்டப்படி மாற்றுத்திறன் பட்டியலில் வருகிறது. தனித்துவ அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம்.
5. பஸ் ஸ்டாண்டிலோ ரயில் நிலையத்திலோ மனநலம் பாதித்தவர் ஆதரவின்றித் திரிந்தால் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். அவரைப் பாதுகாத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசேர்ப்பது காவல்துறையின் சட்டக் கடமை.

மதிலை இயந்திரம் ஒரு வாரத்தில் இடித்துவிடும். குணமாகி வருகிறவருக்கு ஒரு வாடகை வீடும், பட்டறையில் ஒரு வேலையும் கொடுப்பது நம்ம தெருவில் இருப்பவர்கள் கையில்தான் இருக்கிறது. இப்போதைக்கு 14416-ஐ உங்கள் போனில் சேமித்துவையுங்கள். யாருக்கு எப்போது தேவைப்படும் என்று சொல்ல முடியாது.