பிறக்கும் முன்னே பதியும் புகை

சென்ற மாதம் ராத்தாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு நயினாதீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் போனோம். ராத்தாவுக்கு நான்காம் மாதம். பக்கத்தில் இருந்த ஒருவர் சிகரட்டைப் பற்றவைத்தார். உம்மா முகம் சுளித்ததும், "கடற்காற்றுத்தானே, பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது" என்றார். உண்மையில் வயிற்றில் உள்ள பிள்ளைக்குப் புகை என்ன செய்கிறது? தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

தாய் உள்ளெடுக்கும் புகையிலுள்ள நிக்கொட்டினும் காபனோரொட்சைட்டும் சூல்வித்தகத்தைக் கடந்து சிசுவை அடைகின்றன. காபனோரொட்சைட்டு ஈமோகுளோபினுடன் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இணையும். அதனால் சிசுவுக்குக் கிடைக்கும் ஒட்சிசன் குறைகிறது. பிறப்பு நிறையும் குறைகிறது.

இது பலரும் அறிந்தது. புதிதாகத் தெரியவந்தது இன்னொன்று. நமது பாடப்புத்தகத்தில் எழுத்துகள் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் எந்தப் பகுதியைப் படிக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று பென்சிலால் அடையாளமிடுகிறோம். டீ.என்.ஏ.யிலும் அப்படித்தான். மெதைல் கூட்டம் எனும் சிறு இரசாயன அடையாளம், எழுத்தை மாற்றாமலே ஒரு பரம்பரையலகின் செயற்பாட்டைக் கூட்டவோ குறைக்கவோ உதவுகிறது. இதையே எபிஜெனட்டிக் அடையாளம் என்கிறார்கள்.

நம்மவர் பலர் குடியேறி வாழும் நோர்வேயில் 1,062 குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தை ஆராய்ந்தார்கள். முடிவு 2012 இல் வெளியானது. புகைபிடித்த தாய்மாரின் குழந்தைகளில் 10 பரம்பரையலகுகளைச் சேர்ந்த 26 இடங்களில் அடையாளங்கள் மாறியிருந்தன. அவற்றுள் ஒன்றான ஏ.எச்.ஆர்.ஆர்., புகையிலுள்ள நச்சுகளை உடல் கையாளும் வழியைக் கட்டுப்படுத்துவது. ஒருமுறைகூட மூச்சு விடாத குழந்தையின் உடலில் புகையின் தடம் பதிந்துவிட்டது! இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், இத்தகைய அடையாளங்கள் சில 17 வயதிலும் அழியாமல் இருந்தன. அது என் வயது.

இந்த அடையாளம் நோய் அல்ல. நல்ல செய்தியும் உண்டு. நோர்வேயில் தொடர்ந்த ஆய்வில், கர்ப்பத்தின் 18 வாரத்துக்கு முன்பே புகையை நிறுத்திய தாய்மாரின் பிள்ளைகளில் இம்மாற்றம் பெரிதாகத் தெரியவில்லை.

"எங்கள் பெண்கள் சிகரட் குடிப்பதில்லையே" என்பீர்கள். உண்மைதான். ஆனால் வேலணைப் பக்கம் புகையிலைத் தோட்டங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வெற்றிலையோடு புகையிலை மெல்லும் தாயிடமிருந்தும் நிக்கொட்டின் சிசுவுக்குப் போகிறது. தந்தையின் புகையால் மட்டும் இந்த அடையாளம் பதிந்ததாக நோர்வே ஆய்வில் தெரியவில்லை. ஆனாலும் பிறர் விடும் புகையைத் தொடர்ந்து சுவாசிக்கும் தாயின் குழந்தைக்கு நிறை குறைவது தெளிவு. படகில் காற்று புகையைக் கலைத்துவிடலாம். பூட்டிய அறைக்குள் நாள்தோறும் சேரும் புகை எங்கே போகும்?

2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் மூடிய பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடுக்கிறது. வீட்டுக்குள் அந்தத் தடையை நாமே போட வேண்டும்.

மச்சானிடம் இதைச் சொன்னேன். "நான் முற்றத்தில்தானே குடிக்கிறேன்" என்றார். "உங்கள் சட்டை மணத்துக்கே எனக்கு ஓங்காளம் வருகிறது" என்றார் ராத்தா. மச்சான் இன்னும் முழுதாக விடவில்லை. ஆனால் ஒரு நாளைக்கு ஒரு பெட்டி வாங்கியவர் இப்போது இரண்டு, மூன்றோடு நிறுத்துகிறார். பிள்ளை பிறப்பதற்குள் அதையும் விட்டுவிடுவதாக உம்மாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். உங்கள் வீட்டிலும் யாரேனும் ஒருவர் இதைப் பேசத் தொடங்கலாம்.