உங்களுக்குத் தெரியுமா? பின்சக்கரத்தின் திசையைச் சரிசெய்யும் மெல்லிய தகடு

1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும், 1962-ல் இங்கிலாந்தில் அறிமுகமான டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரும் ஒரே குடும்பம். இரண்டிலும் பின்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் ‘ஸ்விங் ஆக்ஸில்’ அமைப்பு. மேலே குறுக்காக ஒரே லீஃப் ஸ்பிரிங்.

● பின்சக்கரம் முன்பின் நகராமல் பிடிப்பது ரேடியஸ் ஆர்ம். அதன் முன்முனை பிராக்கெட்டுக்கும் பாடிக்கும் நடுவே வைக்கும் ஷிம் தகடுகள்தான் சக்கரம் நோக்கும் திசையை முடிவு செய்கின்றன. தகடு சேர்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் வெளியே திரும்பும்; எடுத்தால் உள்ளே வரும்.

● பழைய காரைப் பிரிக்கும்போது எந்தப் பக்கம் எத்தனை தகடு என்று குறித்து வையுங்கள். தேய்ந்த ரப்பர் புஷ்களையும் தொய்ந்த ஸ்பிரிங்கையும் மாற்றிய பிறகே புதிய தகடு தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் அளவு நிலைக்காது.

● பாரம் ஏறினால் இந்தச் சக்கரங்களின் சாய்வு மாறும். குடும்பத்தோடு திருத்தணி மலைப்பாதை ஏறும் காரும், ஓட்டுநர் மட்டும் இருக்கும் காரும் ஒரே மாதிரி நிற்பதில்லை. அதனால்தான் கையேடு சொல்லும் பாரத்தை ஏற்றி, காரைச் சற்று உருட்டி, ஸ்பிரிங் அமர்ந்தபின் அளக்க வேண்டும்.

● 1972-ல் வந்த ஸ்டாண்டர்டு கெஸல், ஸ்விங் ஆக்ஸிலைக் கைவிட்டு ஒரே தண்டாலான பின் ஆக்ஸிலுக்கு மாறியது. எனவே ஹெரால்டின் ஷிம் முறையை அதற்குப் பொருத்தாதீர்கள். ஹெரால்டைப் புதுப்பிப்பவர்கள் இரண்டு பக்கத்தையும் தனித்தனியே அளந்து பொருத்தினால், டயர் சீராகத் தேயும்; வளைவில் வண்டி நம்பிக்கையாகத் திரும்பும்.